பாம்பு குளிப்பாட்டியவனை யார் நம்புவார்?

பாம்பு குளிப்பாட்டும் தொழிலில் கடிகள் குறைவு. சந்தேகப் பார்வைகள்தான் அதிகம்.

கல்ஃபில் இருந்து லீவில் வந்த எல்லோரையும் "அங்க என்ன வேலை?" என்று கேட்பார்கள். டிரைவர், மேசன், சேல்ஸ்மேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லித் தப்பித்துவிடலாம். நான் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பார். விசாவில் ஒரு வேலை, போய் இறங்கினால் இன்னொரு வேலை என்று மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

மீன் கடை என்றுதான் சொன்னார்கள்

குவைத் சண்டை ஓய்ந்த கொஞ்ச காலத்தில் பஹ்ரைனுக்குப் போனேன். மெட்ராஸ் ஏஜெண்ட், "மீன் கடையில சேல்ஸ்மேன்" என்று சொல்லித்தான் அனுப்பினார். எனக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம். மீன் வெட்டத் தெரிந்துகொண்டு போனால் மரியாதையாக இருக்குமே என்று, மார்க்கெட்டில் மீன் விற்கிற ஒரு அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி செதில் சீவக்கூடப் பழகினேன். குதைபியாவில் கடை வாசலில் இறக்கிவிட்டார்கள். உள்ளே போனால் ஐஸும் இல்லை, கத்தியும் இல்லை. கண்ணாடித் தொட்டிகளில் கலர் கலராக மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. சரி, வெட்டுவதற்குப் பதில் வளர்ப்பது, நல்லதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எனக்கு விசா கொடுத்த கஃபீல், கடை முதலாளி அபு ஹமத், கடைசித் தொட்டிக்குப் பின்னால் இருந்த திரையை விலக்கினார். அங்கேயும் கண்ணாடிப் பெட்டிகள்தான். ஆனால் உள்ளே இருந்தவை நீந்தவில்லை, சுருண்டு கிடந்தன. வாரத்தில் சில நாள் வரும் சூடான்காரக் கால்நடை டாக்டர் ஒஸ்மான் பக்கத்தில் நின்றார். வீடுகளில் வளர்க்கிற பாம்புகளுக்குத் தோலில் ஏதாவது வந்தால் இங்கேதான் கொண்டு வருவார்கள் என்றும், அவற்றைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்ள டாக்டருக்கு ஒரு ஆள் வேண்டும் என்றும், அந்த ஆள் நான்தான் என்றும் அங்கேயே நின்ற நிலையில் தெரிந்தது. "எனக்குப் பாம்பு தெரியாது பாய்" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில். அபு ஹமத் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேலைக்குப் பயந்து பொய் சொல்கிறான் என்று முடிவுகட்டிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. டாக்டரிடம் திரும்பிச் சொன்னார்: "இந்தியாக்காரனுக்குப் பாம்பு தெரியாதாம்! நாளைக்கு நான் வந்து எனக்கு ஒட்டகம் தெரியாதுன்னு சொல்றேன், நீ நம்பு!"

பைக்குள் என்ன?

டாக்டர் பொறுமையான மனிதர். எல்லாவற்றையும் ஒரே நாளில் என் தலையில் கொட்டவில்லை. பாம்பின் கண் பால் கலந்த மாதிரி மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது அதைத் தொடாதே. பெட்டிக்குள் ஈரத்துணி போட்ட ஒரு டப்பாவை வை, அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட தோலைப் பிய்க்காதே, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிடு. சோப்பு, எண்ணெய், செண்டு எதுவும் ஆகாது. உரிந்த சட்டையில் இரண்டு கண்ணின் மேல்தோலும் வந்திருக்கிறதா என்று விளக்கில் பிடித்துப் பார், தங்கிவிட்டால் கண் கெட்டுவிடும். இந்தக் கடைசி வேலைதான் எனக்கு வினையாக வந்தது.

குதைபியாவிலேயே ஒரு ரூமில் மூன்று பேர் தங்கியிருந்தோம். துணிக்கடை வைத்திருந்த அதிராம்பட்டினம் ஜமால் காக்காதான் ரூமுக்குப் பெரியவர். சைட்டில் கம்பி கட்டுகிற முத்தையா பட்டுக்கோட்டைக்காரன். எனக்கு மீன் கடையில் வேலை என்பதைத் தாண்டி நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வேறு ரூம் தேட வேண்டியிருக்கும் என்று பயம். ஆனால் முத்தையாவுக்குத் தொடக்கத்திலிருந்தே சந்தேகம். "மீன் கடைல வேலை பாக்குறவன்கிட்ட மீன் நாத்தமே இல்லியே மாப்ள?" என்று அடிக்கடி கேட்பான். ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் வெளிச்சம் போதாமல், உரிந்த சட்டை ஒன்றைப் பேப்பரில் சுற்றி ரூமுக்குக் கொண்டு வந்திருந்தேன். சாவகாசமாகப் பார்க்கலாம் என்று நினைப்பு. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது முத்தையா சீப்பு தேடி என் பையைத் திறந்துவிட்டான்.

அவன் போட்ட கூச்சலில் பக்கத்து ரூம் பாகிஸ்தானிகளும் ஓடி வந்துவிட்டார்கள். ஆள் உயரத்துக்குத் தொங்கிய சட்டையை ஒரு ஹேங்கரின் நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சட்டை இங்க இருக்கு, ஆளு எங்கடா?" என்று கத்தினான். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். கட்டிலைத் திருப்பினார்கள், தலையணை உறையை உதறினார்கள், அரிசி மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு ஜமால் காக்கா தாடியைத் தடவியபடி தீர்ப்புச் சொன்னார்: "தம்பி, நீங்க இங்கயே இருங்க. உங்க மேல எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்ல. உங்க பை மட்டும் இனிமே வெளியில படுக்கட்டும்."

மஜ்லிஸுக்குத் தயாரான பாம்பு

யூசுப் என்று ஒரு வாடிக்கையாளர். நல்ல பையன், கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்றை வளர்த்தான். பெண் வீட்டு ஆண்கள் மஜ்லிஸுக்கு, அதாவது விருந்தாளிகளை உட்கார வைக்கும் கூடத்துக்கு வருகிறார்கள், அவர்களிடம் தன் பாம்பைக் காட்ட வேண்டும் என்று ஆசை. வீட்டில் அம்மா, "உன் ரூமில் ஒரு மாதிரி வாடை வருகிறது" என்று சொல்லியிருக்கிறார். இவன் என்ன செய்தான் தெரியுமா? தான் பூசிக்கொள்கிற ஊத் என்கிற அகில் அத்தரையே பஞ்சில் நனைத்துப் பாம்புக்குத் தலை முதல் வால் வரை தடவிவிட்டான்.

மறுநாள் கடைக்குக் கொண்டு வந்தபோது, பெட்டியைத் திறக்கும் முன்பே வாசம் தெருவரை போய்விட்டது. உள்ளே பாம்பு மூக்கைத் துணியில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி வைத்திருந்தது. வயிற்றுச் செதில்கள் ஓரத்தில் சிவந்து வீங்கியிருந்தன. பாம்பு நாக்கை நீட்டி நீட்டித்தான் வாசம் பிடிக்கும், அதற்கு இது மிளகாய்ப்பொடியை முகத்தில் கொட்டின மாதிரி என்று டாக்டர் சொன்னார். அன்று முழுக்க எனக்கு அதுதான் டூட்டி. வெதுவெதுப்பான தண்ணீரை மாற்றி மாற்றி, மெல்லிய துணியால் செதில் போகும் திசையிலேயே துடைத்தேன். சிவப்புக்கு டாக்டர் மருந்து தடவினார். யூசுப் வாசலில் உட்கார்ந்து கலங்கிய கண்ணோடு பார்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த சட்டை உரிந்த பிறகுதான் தோல் பழையபடி ஆனது. பாம்பை வாங்கிக்கொள்ள வந்தவன், அதை வருடிக் கொடுத்துவிட்டு, பல நாள் யோசித்துக் கண்டுபிடித்த மாதிரிச் சொன்னான்: "சந்தேகமே இல்லை செல்வம், அந்த அத்தர் கடைக்காரன் எனக்குக் கலப்படத்தை விற்றுவிட்டான். அசல் ஊத் என்றால் பாம்புக்கு ஒன்றுமே ஆகியிருக்காது!"

ஈசா டவுன் வீட்டுப் புஷ்பம்

இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது. ஈசா டவுனில் ஒரு பெரிய வீட்டுக்கு டாக்டரோடு அடிக்கடி போவேன். வீட்டுப் பையன் சின்ன வயதிலிருந்து வெளிநாட்டில் படித்தவன். படிப்பு முடிந்து திரும்பும்போது தான் வளர்த்த மலைப்பாம்பையும் கூடவே கொண்டு வந்துவிட்டான். அங்கே வீட்டு வேலை செய்த புஷ்பம் மட்டக்களப்புக்காரப் பெண். ஊரில் இரண்டு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள். நான் தமிழ் என்று தெரிந்ததிலிருந்து, கேட்டைத் திறக்கிற நேரத்தில் நாலு வார்த்தை பேசுவாள். ஒரு தடவை, "இந்தச் சனியன் செத்துதெண்டா நான் கோயிலுக்கு நேர்த்தி வைப்பன் அண்ணா" என்று சொல்லியிருந்தாள்.

ஒரு ஆகஸ்ட் மாதம், உடனே வரச் சொல்லி போன் வந்தது. போனோம். பாம்பின் வயிற்றுப் பக்கம் நீளத்துக்குக் கொப்புளம். செதில்கள் பழுப்பாகி உரிந்துகொண்டிருந்தன. தீக்காயம் என்று பார்த்ததும் தெரிந்தது. வீட்டுக்கார அம்மா ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார். இரண்டு மூன்று நாள் முன்பு புஷ்பம் தரை துடைக்க வாளியில் சுடுதண்ணீரோடு அந்த அறைக்குள் போனதை அவரே பார்த்திருக்கிறார். அவளுக்குப் பாம்பு பிடிக்காது என்பதும் வீடு முழுக்கத் தெரிந்த விஷயம். அவள் பாஸ்போர்ட்டை எடுத்து மேசை மேல் வைத்திருந்தார்கள். டிக்கெட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. புஷ்பம் சமையலறை வாசலில் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். நேர்த்தி வைப்பேன் என்று சொன்னவள்தானே, செய்தாலும் செய்திருப்பாள் என்று எனக்கும் மனசில் ஓடியது.

டாக்டர் காயத்தைச் சுத்தம் செய்து மருந்து போட்டார். பாம்புக்குச் சூடு பட்டால் அன்றைக்கே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தோல் காட்டிக்கொடுக்கும் என்று அவர் சொன்னபோது அந்த அம்மா, "அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்று புஷ்பத்தைக் கை காட்டினார். டாக்டர் கை கழுவ முற்றத்துக்குப் போய், சுவரோரக் குழாயைத் திறந்தார். திறந்த வேகத்தில் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். கல்ஃபில் ஆகஸ்டில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மொட்டை மாடித் தொட்டியும் வெயிலில் கிடக்கும் குழாயும் சேர்ந்து, பச்சைத் தண்ணீரையே டீ போடுகிற பதத்தில் தரும். டாக்டர் அங்கேயே நின்று பையனைக் கூப்பிட்டார். "ஒட்டின தோல் ஊற வேண்டும் என்று சொன்னேனே, பாம்பை எங்கே வைத்து நனைத்தாய்?"

பையனுக்கு முதலில் புரியவில்லை. அதே இரண்டு மூன்று நாள் முன்பு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பாம்பை டப்பில் விட்டு, இந்தக் குழாயில் ஹோஸை மாட்டித் தண்ணீர் பிடித்ததாகச் சொன்னான். கை வைத்துப் பார்த்தாயா என்றார் டாக்டர். "ஹீட்டர் தண்ணீர் இல்லையே, சாதாரணக் குழாய்தானே" என்று சொல்லிக்கொண்டே போனவன், பாதியில் நிறுத்திவிட்டான். பாம்பு துள்ளியதும் உடனே தூக்கிவிட்டிருக்கிறான். பயந்துவிட்டது போல என்று நினைத்திருக்கிறான். மேலே ஒன்றும் தெரியாததால் மறந்தும்விட்டான். அம்மாவிடம் அரபியில் வேகமாக ஏதோ பேசினான். அந்த அம்மா பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. பையன் மட்டும் சமையலறை வாசலுக்குப் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு "சாரி" என்றான்.

பாம்பு பிழைத்தது, தழும்போடு. புஷ்பமும் அந்த வீட்டிலேயே இருந்தாள். அன்றைக்குக் கேட்டைச் சாத்த வந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது: "எனக்குப் பாம்பெண்டா சரியான பயம் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே அண்ணா. பயந்தவள் அதுக்குக் கிட்டப் போய்ச் சுடுதண்ணி ஊத்துவாளோ?"

இது என் பாம்பு இல்லை

கிரகாம் என்கிற வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது தன் பாம்பைக் கடையில் விட்டுப் போனார். ராத்திரி பகல் ஏசியிலேயே கிடந்து காய்ந்து, சட்டை துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு, பழைய பெயிண்ட் அடித்த கதவு மாதிரி இருந்தது அது. டாக்டர் சொன்னபடி ஈரத்துணி டப்பா, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பக்கம் தேய்த்துக்கொள்ளச் சொரசொரப்பான கல் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒரு நாள் காலை, மூக்கிலிருந்து வால்வரை ஒரே காலுறையாக உரித்துப் போட்டிருந்தது. தோலில் வானவில் ஓடியது. நானே கொஞ்ச நேரம் நின்று ரசித்தேன்.

திரும்பி வந்த கிரகாம் பெட்டிக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். "என் பாம்பு எங்கே?" என்றார். இதுதான் என்றேன். "என் பாம்பு சாம்பல் நிறம். அதை விற்றுவிட்டு வேறு ஏதோ ஒன்றை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா?" என்று சத்தம் போட்டார். போலீஸுக்குப் போவேன் என்றார். கடையில் பாம்பு விற்பதும் உண்டு, அந்த மாதம்தான் அதே ஜாதியில் ஒன்று விற்றிருந்தது. அபு ஹமத் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். விசா கேன்சல், ஏர்போர்ட், ஊரில் அப்பா முகம் எல்லாம் வரிசையாக வந்து போகும்.

கூட வந்திருந்த கிரகாமின் மனைவிதான் நிதானமாக இருந்தார். காருக்குப் போய் போட்டோ ஆல்பத்தை எடுத்து வந்தார். சோபாவில் கிரகாம் மடியில் பாம்பு. டாக்டர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். கழுத்துக்குக் கீழே சாவித் துவாரம் மாதிரி ஒரு மஞ்சள் திட்டு, அதற்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி. படத்திலும் இருந்தது, பெட்டியிலும் இருந்தது. இந்தக் கோலம் உரிந்து மாறாது, மனுஷன் கைரேகை மாதிரி என்றார் டாக்டர். கிரகாம் நெடுநேரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எனக்குக் கை கொடுத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்று, என் காதருகே வந்து கேட்டார்: "சரி, பாம்பு என்னுடையதுதான். என்ன பாலிஷ் போட்டாய் என்று மட்டும் உண்மையைச் சொல்லிவிடு."

ஹம்சாவின் சாயாக்கடை

கடைக்குப் பக்கத்தில் மலப்புறம் ஹம்சா சாயாக்கடை வைத்திருந்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரில் பைப் போகிற ஓட்டை வழியாகத் தன் கடைக்கு ஏதாவது வந்துவிடும் என்று அவருக்கு நிரந்தரச் சந்தேகம். சாயா கொண்டு வந்தால் வாசலுக்கு வெளியே நின்று கையை மட்டும் நீட்டுவார். "எல்லாம் பெட்டியில பூட்டித்தான் இருக்கு சேட்டா" என்று நான் சத்தியம் செய்யாத நாள் கிடையாது.

ஒரு நாள் காலை கடையைத் திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் அமெரிக்கச் சோளப் பாம்பைக் காணவில்லை. விஷமில்லாதது, சாதுவானது. ஆனால் அதை வெளியே யாரிடம் சொல்ல முடியும்? மூடியின் கொக்கி தேய்ந்து கழன்றிருந்தது. அபு ஹமத் கொக்கியைப் பார்த்துவிட்டு, "கொக்கி தானாகக் கழலுமா, யாராவது கழற்றினார்களா?" என்று என்னையே கேட்டார். எனக்கோ கட்டட வாட்ச்மேன் மேல் சந்தேகம். வாட்ச்மேனுக்கு மேல்மாடிப் பிள்ளைகள் மேல் சந்தேகம். மதியம்வரை மீன் தொட்டிகளை எல்லாம் நகர்த்திப் பார்த்தோம். கிடைக்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நேற்று அதன் கண் எப்படி இருந்தது?" பால் மாதிரி மங்கியிருந்தது என்றேன். "அப்படியென்றால் ஈரம் தேடிப் போயிருக்கும். பக்கத்தில் ஈரமான இடம் எது?" என்றார்.

ஹம்சா கடையில் ஐஸ் பெட்டி ஒன்று உண்டு. அதைச் சுற்றி எப்போதும் நனைந்த சாக்கு போர்த்தியிருக்கும். பெஞ்சில் நாலைந்து பேர் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முனிசிபாலிட்டிக்காரர்களுக்குத் தெரிந்தால் ஹம்சாவின் கடைக்கும் பூட்டு, என் பிழைப்புக்கும் பூட்டு. "சேட்டா, ஐஸ் பெட்டியக் கொஞ்சம் பாத்துக்கறேன், எங்க ஏசி தண்ணி இந்தப் பக்கம் வருதான்னு" என்று உளறிக்கொண்டே குனிந்து சாக்கை லேசாகத் தூக்கினேன். இருந்தது. சாக்கின் சொரசொரப்பில் மூக்கைத் தேய்த்துச் சட்டையைப் பாதி கழற்றியிருந்தது. அந்த நேரத்தில் தொடக்கூடாது. ஆனால் தொடாமலும் இருக்க முடியாது. சாக்கோடு சேர்த்துச் சுருட்டி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். சாப்பிட்டவர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆனால் ஹம்சா பார்த்துவிட்டார். சாக்கின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வால் தொங்கியிருக்கிறது. அவர் கத்தவில்லை. கத்தினால் கடை காலி என்று என்னைவிட நன்றாக அவருக்குத் தெரியும். கூட்டமெல்லாம் போன பிறகு எங்கள் கடை வாசலுக்கு வந்தார். முதல் தடவையாக உள்ளே காலடி வைத்தார். பெட்டிக்குள் புதுத்தோலில் பளபளவென்று கிடந்த பாம்பை வெகுநேரம் முறைத்தார். அது உரித்துப்போட்ட சட்டையை நான் விளக்கில் பிடித்து, கண்தோல் இரண்டும் வந்திருக்கிறது என்று சந்தோஷத்தில் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "என் சாக்கு எங்கே?" என்று மட்டும் கேட்டார். புதுச் சாக்கு வாங்கித் தருகிறேன் என்றேன். சிமெண்ட் வைத்துச் சுவர் ஓட்டையை அன்றைக்கே அடைத்தார். அடைத்து முடித்து, கை கழுவிவிட்டு, என்னிடம் சொன்னார்: "செல்வா, இனி உன் பாம்புக்குத் தண்ணி வேணும்னா முன்வாசல் வழியா வந்து கேக்கச் சொல்லு. பின்வாசல் வழியா வர்ற ஆளுங்கள எனக்கு விசுவாசம் இல்லா."

அத்தனை வருஷத்தில் முதலாளி, ரூம்காரன், வாடிக்கையாளர், பக்கத்துக் கடைக்காரர் என்று எல்லோரும் என்னைச் சந்தேகப்பட்டார்கள், பாம்புகள் மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. அதுவும் அவற்றுக்குப் பார்வை கொஞ்சம் மந்தம் என்பதால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.